தாயாருடன் மட்டும்

ஓர் அழைப்பு மடலைப் பற்றி எழுத எண்ணுகிறேன். அரைத்தாள் அளவே உடையது. மொத்தம் பதினோரு வரிகள். அதை எழுதியவள் நானே. முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளின் ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக் கை பழகியவள் ஆதலால், அம்மடலில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். எனினும் அதன் ஒன்பதாம் வரியில் ஒரு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் பதின்மூன்று வயதுச் சிறுமி.

அது 2003ஆம் ஆண்டு. அப்போது நான் புக்கிட் பெருந்துங்கில் குடியிருந்தேன். சிலாங்கூரின் வடபகுதியில், உலு சிலாங்கூர் மாவட்டத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர் அது. மலாய் மொழியில் புக்கிட் என்றால் குன்று. பெருந்துங் என்றால் நற்பேறு பெற்றது. பெயர் வைத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் வைத்திருப்பார்கள். ஆனால் 1990களில் எழுந்த அந்தப் புதுநகர், 1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் சிக்கிப் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள் பல, ஆள் வாழாமலே பழையனவாகிக் கொண்டிருந்தன. சன்னல்களில் கொடி ஏறியது. வாடகை குறைவு என்பதனால் அந்நற்பேற்றுக் குன்றைத் தேடி வந்தவர்களுள் நம்மவர் மிகுதி. தோட்டம் கைமாறியதால் வந்தவர்கள், பால்மரம் போய்ச் செம்பனை வந்ததால் வந்தவர்கள், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் வந்தவர்கள் என அவர்களுடைய பழைய முகவரிகளைச் சேர்த்து எழுதினால் கோல சிலாங்கூர் தொடங்கி களும்பாங் வரையிலான தோட்டப்புறங்களின் வரைபடம் ஒன்று கிடைத்துவிடும்.

எங்கள் சபை ஒரு கடைவரிசையின் மாடியில் கூடியது. கீழே மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை. மேலே போதகர் ஐயா குரலைத் தாழ்த்தி ஜெபத்தின் உருக்கமான இடத்துக்கு வரும்போதெல்லாம் கீழே எவராவது எஞ்சினை முறுக்கிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது.

சனிக்கிழமைதோறும் மாலை மூன்று மணிக்குச் சிறுமியர் குழு கூடும். ஒன்பது முதல் பதினாறு வயது வரை இருபத்து நான்கு பெண்கள். பாட்டு, வேதாகமக் கதை, உடற்பயிற்சி, கைவேலை என்று இரண்டு மணி நேரம் ஓடும். திருச்சபைகளில் சிறுமியர்க்கென்று தனிக் குழு அமைப்பது நெடுநாளைய வழக்கம். அயர்லாந்தின் டப்ளின் நகரில் சாண்டிமவுண்ட் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில், 1893ஆம் ஆண்டு, வேதாகம வகுப்புக்கு வந்த பெண்களை உடற்பயிற்சியும் செய்ய வைத்ததிலிருந்து கேர்ல்ஸ் பிரிகேட் என்னும் இயக்கம் பிறந்தது. பின்னர் அது உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. எங்கள் குழுவுக்குச் சீருடையும் இல்லை, பதக்கமும் இல்லை. ஆயினும் பெண்பிள்ளைகள் கூடிச் சிரிப்பதற்கு வீட்டுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே. அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைகளுக்குள் தம்பி தங்கையரைக் கவனித்துக்கொண்டு கிடக்கும் பெண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதை ஆசிரியர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் போதகரம்மா என்னிடம் வந்தார். “டீச்சர், அன்னையர் நாள் வருகிறது. அம்மாவும் மகளும் சேர்ந்து மகிழும்படி ஏதாவது ஏற்பாடு செய்யுங்களேன்” என்றார். கூடவே, நகரத்துச் சபை ஒன்றிலிருந்து யாரோ கொடுத்த ஆங்கிலக் கையேட்டையும் நீட்டினார். அதில் நூறு வழிகள் இருந்தன. தாயும் மகளும் காகிதத் தொப்பி செய்து அணிந்து தேநீர் அருந்துதல், கேக்கின்மேல் பூ வரைதல், ஒருவர் நகத்துக்கு ஒருவர் சாயம் பூசுதல், ஒரே நிற உடையில் புகைப்படம் எடுத்தல். வண்ணப் படங்களில் தாய்மாரும் மகள்மாரும் பளிச்செனச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நான்கைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்தாவதாக என் ஆசிரியப் புத்தியிலிருந்து ஒன்றைச் சேர்த்தேன்: ‘அம்மாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?’ என்ற பத்து வினாப் போட்டி.

பிறகு மடல் எழுத உட்கார்ந்தேன். முந்தைய விருந்தொன்றில் அத்தை, சித்தி, தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று எல்லாரும் வந்து உணவு பற்றாமல் போயிருந்தது. அந்த நினைவில் ஒன்பதாம் வரியை இப்படி எழுதினேன்: ‘தாயாருடன் மட்டும் வருக, தாயாரின்றி வருவோர் போட்டிகளில் பங்கேற்க இயலாது.’ கீழே கிழித்துக் கொடுக்கும்படி இரண்டு உணவுச் சீட்டுகள். ஒன்றில் ‘தாய்’, மற்றதில் ‘மகள்’.

அன்னையர் நாளின் வரலாற்றை அன்று சிறு உரையாகவும் தயாரித்திருந்தேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜினியாவில் கிராஃப்டன் என்னும் சிற்றூரின் மெதடிஸ்டு ஆலயத்தில் 1908ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் முதல் அன்னையர் நாள் வழிபாடு நடந்தது. ஆன் ஜார்விஸ் என்ற தம் அன்னையின் நினைவாக அன்னா ஜார்விஸ் என்பவர் அதனை ஏற்பாடு செய்து, ஐந்நூறு வெள்ளைக் கார்னேஷன் மலர்களை அனுப்பி வைத்தார். 1914இல் அது அந்நாட்டின் அரசு அறிவித்த நாளாயிற்று. பிற்காலத்தில் பூக்கடைக்காரர்களும் மிட்டாய்க்காரர்களும் வாழ்த்தட்டை விற்பவர்களும் அந்நாளைத் தமதாக்கிக் கொண்டதைக் கண்டு அதே அன்னா ஜார்விஸ் மனம் வெதும்பி, தாம் தொடங்கியதையே எதிர்த்துப் போராடினார். அவருக்கு மணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. இவ்வளவும் அறிந்து எழுதி வைத்திருந்தேன். அறிந்தது வேறு, கண் திறந்தது வேறு.

இருபத்து நான்கு பெண்களில் பதினைவர் வந்தனர். தாய்மார் ஒன்பதின்மர். மற்றவர்கள் எங்கே என்று கேட்டபோது, “அம்மாவுக்கு இன்னிக்கு ஓவர்டைம், டீச்சர்” என்றும், “நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்கறாங்க” என்றும் பதில் வந்தது. ரவாங், செரண்டா வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்குச் சனிக்கிழமை என்பது கூடுதல் ஊதியம் தரும் நாள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. வந்த ஒன்பது பேரும் சுவரோரமாக நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள். காகிதத் தொப்பியைத் தலையில் வைத்ததும் ஒரு தாய் கூச்சத்தால் முந்தானையை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டார். நகச்சாயம் பூச அழைத்தபோது மற்றொருவர் இரு கைகளையும் சேலைக்குள் மறைத்தார். “எதுக்கு டீச்சர், நாளைக்கே போயிடும்” என்றார்.

வினாப் போட்டி இன்னும் மோசமாயிற்று. அம்மா பிறந்த இடம் எது? நான்கு பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குப் பிடித்த நிறம் எது? மகள் நீலம் என்றாள். சரிதானா என்று தாயிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் யோசித்தார். “தெரியலையே டீச்சர். யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன். போயிருக்கக்கூடாது.

அடுத்த சனிக்கிழமை, அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் வழக்கம்போல் எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளை வரிசைப்படுத்தினாள். அன்னையர் நாள் விழாவுக்கு அவள் வரவில்லை. வேலை முடிந்ததும் என் மேசைக்கு வந்து, நான்காக மடித்த அழைப்பு மடலை வைத்தாள்.

“டீச்சர், இதுல தாயார்னு போட்டிருக்கு. அப்படின்னா பெத்தவங்க மட்டும்தானா?”

“ஆமாம்மா” என்றேன். அகராதி திறந்து வைத்ததுபோல் வாய் சொல்லிவிட்டது.

“எனக்கு ஆயாதான் டீச்சர். அதான் வரல. சாப்பாட்டுச் சீட்டு ரெண்டும் அப்படியே இருக்கு, திருப்பிக் குடுத்துரலாம்னு கொண்டாந்தேன்.”

அவள் குரலில் வருத்தம் இருந்திருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். கோபம் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நூலகப் புத்தகத்தைத் தவணை தவறாமல் திருப்பிக் கொடுக்கும் குரலில் அவள் பேசினாள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

பின்னர் விசாரித்து அறிந்தேன். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்த பிள்ளை அவள். தாய் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது தாய் காய்ச்சலில் இறந்துவிட்டார். தந்தை ஜொகூரில் லாரி ஓட்டப் போனார். மாதம் ஒருமுறை வருவார். கொட்டகையில் விட்ட குழந்தையை மாலையில் அழைத்துப் போக ஆளில்லை. ஆகவே அந்த ஆயா, குழந்தையைத் தம் வீட்டுக்கே எடுத்துப் போனார். அவ்வளவுதான். இரத்த உறவும் இல்லை, சாதி சனமும் இல்லை. தோட்டம் போய், கொட்டகை போய், இருவரும் புக்கிட் பெருந்துங் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அகத்திணை நடத்திய ஆசிரியை நான். மாலை வகுப்பு மாணவர்களுக்கு நற்றாய் என்றும் செவிலித்தாய் என்றும் கரும்பலகையில் கோடு கிழித்து இரண்டு பக்கமாக எழுதிக் காட்டியவள். பெற்றவளுக்கு ஒரு பெயரும் வளர்த்தவளுக்கு ஒரு பெயரும் கொடுத்து, இருவரையுமே தாய் என்று அழைத்து, இருவர்க்கும் பேசுவதற்குரிய இடத்தையும் வகுத்துத் தந்தது தொல்காப்பியம். தலைவி உடன்போக்கில் சென்றபின் செவிலி பாலை வழியே தேடிக்கொண்டு போகிறாள். எதிர்ப்பட்டோரையெல்லாம் நிறுத்திக் கேட்கிறாள். பெற்றவள் வீட்டில் இருந்து கலங்குகிறாள். நடந்து தேய்வன செவிலியின் கால்கள். இதையெல்லாம் தேர்வுக்கு வரக்கூடிய பகுதி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, ஓர் அரைத்தாளில் ‘தாயாருடன் மட்டும்’ என்று எழுதியவளும் நான்தான்.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நானும் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவள். 1950ஆம் ஆண்டு கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்தேன். ஆறு தொட்டில்கள் தொங்கும் அக்கொட்டகையின் ஈரத் துணி வாடை இன்றும் நினைவில் நிற்கிறது. என் அம்மா விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தலையில் துணி கட்டி, விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு புறப்படுவார். நண்பகலில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். விரல்களில் காய்ந்த பால் தோல் போல ஒட்டியிருக்கும். அதை உரித்துக்கொண்டே என்னோடு பேசுவார். சில நாள் மாலையில், வேலையெல்லாம் முடிந்து, லயத்து வாசலில் என்னை உட்கார வைத்து அஞ்சாங்கல் ஆடுவார். மண்வெட்டி பிடித்த அந்தக் கை, கல்லை மேலே எறிந்து கீழே கிடப்பதை வாரிக்கொண்டு விழுவதைப் பிடிக்கும்போது, வேறொரு பெண்ணின் கையாக மாறிவிடும். அந்த நேரத்தில் அம்மாவுக்குப் பதினைந்து வயதுதான்.

இடைநிலைப் பள்ளியில் படித்தபோது பரிசளிப்பு விழா ஒன்று. பெற்றோர்களையும் அழைத்திருந்தார்கள். அம்மா அரைநாள் வேலையை விட்டுவிட்டு, தீபாவளிக்கோ கிறிஸ்துமசுக்கோ கட்டும் ஒரே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். விரல்களின் கறுப்பு மட்டும் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறார். அந்த வாடையும் இருந்தது. என் பக்கத்தில் இருந்த நகரத்துத் தோழி “அது யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “எங்கள் பக்கத்து வீட்டு அம்மா” என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் கை காட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது எந்த மொழி? அதன்பின் அவர் என் பள்ளிக்கு வந்ததே இல்லை. 1996இல் அவர் இறக்கும் வரை அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சேலைக்குள் கைகளை மறைத்த அந்தத் தாயைக் கண்டதும் எனக்கு ஏன் அப்படி வியர்த்தது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

அடுத்த ஆண்டு, 2004இல், கையேட்டைப் போதகரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். மார்ச்சு மாதம் முழுவதும் மாலை வேளைகளில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். என்ன கிழமை, எத்தனை மணி உங்களுக்கு வசதி என்பதையே முதலில் கேட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்து பகல் உணவுக்குப் பின் என்றால் பெரும்பாலோர் வர முடியும் என்று தெரிந்தது. இரண்டாவது கேள்வி, “உங்களுக்கு என்ன தெரியும்? எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்” என்பது. ஒரே பதில்தான் எல்லா வீட்டிலும்: “எங்களுக்கு என்ன டீச்சர் தெரியும்!” தோட்டத்து மக்களின் இந்த விடையை நான் நன்கு அறிவேன். அது அடக்கம் அன்று. கேட்பாரற்றுக் கிடந்தது.

போதகரம்மா தம் பங்குக்குப் பின்னல் வேலை சொல்லித் தருவதாக முன்வந்தார். அவருடைய ஊர் நாகர்கோவில். 1820களில் அங்கே மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மையார் தம் பள்ளிச் சிறுமியர்க்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமை நிலையில் இருந்த குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்த வருவாயைக் கொண்டே விடுதலை பெற்றார்கள் என்பது அப்பகுதியின் வரலாறு. போதகரம்மாவின் பாட்டியும் பின்னியவராம். ஆயினும் நூற்கதிர்களும் திண்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் ஒரு பிற்பகலில் நடக்கிற வேலையும் அன்று. அந்தத் திட்டம் பேச்சோடு நின்றது.

ஆயாவைப் பார்க்கக் கடைசியாகத்தான் போனேன்; அஞ்சிக்கொண்டே போனேன் என்று சொல்வதே சரி. எழுபதைத் தாண்டிய மெலிந்த உருவம். “பசியாறிட்டீங்களா டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, என் பதிலை எதிர்பாராமல் அடுப்பைப் பற்றவைத்தார். கடந்த ஆண்டு நடந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று நான் தொடங்கியபோது, “அதுக்கென்னங்க, கணக்குன்னு ஒண்ணு இருக்கில்ல, சோறு பத்தணுமே” என்று முடித்துவிட்டார். கொட்டகையில் முப்பது பிள்ளைகளுக்குப் பால் கலக்கியவருக்குப் பற்றாக்குறையின் நியாயம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. சுவரோரம் ஒரு தகரப் பெட்டியின்மேல் ஐந்து கூழாங்கற்கள் இருந்தன. வழவழவென்று, கறுத்து, முட்டை போல.

“இது யாருடையது?” என்றேன்.

“எங்களோடதுதான். சாயங்காலம் நானும் இவளும் ஆடுவோம்” என்றார்.

அங்கே எங்கள் நிகழ்ச்சிநிரல் எழுதப்பட்டுவிட்டது.

அந்த மே மாத ஞாயிறன்று இருபத்தொரு தாய்மார் வந்தனர். நாற்காலிகளை ஏறக்கட்டிவிட்டுப் பாய் விரித்தோம். ஆயா நடுவில் அமர்ந்து கல்லை எறிந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாரிக்கொண்டே போய், கடைசியில் ஐந்தையும் எறிந்து புறங்கையில் ஏந்தி நிறுத்தினார். ஒரு கணம் அமைதி. பிறகு சிறுமி ஒருத்தி, “இது பத்து செரம்பான்! எங்க ஸ்கூல்ல மலாய்ப் பிள்ளைங்க ஆடுறது!” என்று கூவினாள். ஆம், மலாய்ச் சிறுமியர் சிறு துணிப்பைகளில் அரிசியோ பயறோ அடைத்துத் தைத்து ஆடும் பத்து செரம்பானும் நம் அஞ்சாங்கல்லும் உடன்பிறந்தவைதாம். அதுபோலவே, பல்லாங்குழியைக் கண்டதும் பிள்ளைகள் சொங்காக் என்றார்கள். இரண்டுக்கும் பக்கத்துக்கு ஏழு குழி. சொங்காக்கில் இரு முனையிலும் பெரிய வீடு இருக்கும். நம்மதில் அது இல்லை. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அதைப் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு உண்டு. தாயின் விளையாட்டை மகள் வேறொரு மொழியில் கற்றிருக்கிறாள் என்பதும், அது தன் வீட்டிலேயே இருந்தது என்பது அவளுக்குத் தெரியாமல் போனதும் என்னை நெடுநேரம் எண்ண வைத்தன.

புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் கருவூர் முற்றுகையைப் பாடும்போது, ஆன்பொருநை ஆற்று மணலில் சிறுமியர் பொன்னால் செய்த கழங்கு ஆடுவதைக் காட்டுவார். மகளைப் பிரிந்த நற்றிணைத் தாய் ஒருத்தி, அவள் விளையாடிய நொச்சியையும் திண்ணையையும் கண்டு கலங்குவாள். இந்தச் செய்திகளை நான் அன்று மேடையில் சொல்ல எண்ணியிருந்தேன். சொல்லவில்லை. பாயில் இருந்த எவருக்கும் அப்போது என் உரை தேவைப்படவில்லை.

பல்லாங்குழிக்குச் சோழி இல்லாததால் பிள்ளைகளை ரப்பர்க் கொட்டை பொறுக்கிவர அனுப்பினோம். கடைவரிசைக்குப் பின்னால், செம்பனைக்கும் சாலைக்கும் இடையில், எவரும் வெட்டாமல் விட்ட நான்கைந்து பால்மரங்கள் நின்றன. கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அருகில் இருப்பவர் கையில் வைத்துக் கத்தவைக்கும் குறும்பைத் தாய்மாரே தொடங்கி வைத்தார்கள். முந்தைய ஆண்டு தொப்பிக்கு வெட்கப்பட்டவர், போதகரம்மாவின் கையிலேயே வைத்துவிட்டார்!

அப்போது ஒரு பெண், “ஆயா, மரம் வெட்டுறது எப்படின்னு காட்டுங்களேன்” என்றாள். ஆயா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார். தாய்மாரில் ஒருவர், தம் பழைய உளியை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார். அதை இன்னும் வைத்திருந்தாரென்பது அவர் மகளுக்கே புதிய செய்தி. மரத்தில் கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக இறங்க வேண்டும். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் உள்ளே இருக்கும் உயிர்த்தோல் காயப்பட்டு, பட்டை மீண்டும் வளரும்போது முண்டும் முடிச்சுமாகிவிடும். பட்டைக்குள் பாற்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால் அத்திசையில் வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் திறக்கும் என்று நூல்கள் சொல்லும். விடியற்காலையில் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருப்பதால் அப்போதுதான் பால் நன்கு ஓடும் என்பதும் நூற்செய்தி. ஆயா, “வெய்யில் ஏறினா மரம் வாயை மூடிக்கும்” என்றார். உளி ஒரு முறை நகர்ந்தது. சீவல் சுருண்டு விழுந்தது. வெட்டிய கோட்டில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, சேர்ந்து, ஓடத் தொடங்கின. மாலை நேரமாதலால் கொஞ்சந்தான். அந்தப் பெண்கள் அப்படியொரு வியப்போடு பார்த்தார்கள். அவர்களுடைய பாட்டிமார் எல்லாரும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் செய்த வேலை அது. அவர்களோ முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

பிறகு தாய்மார் ஒவ்வொருவராக உளியை வாங்கினார்கள். நகச்சாயத்துக்குக் கையை மறைத்தவர்தான் முதலில் கை நீட்டினார்.

உளியை அவர் திருப்பிக் கொடுத்தபோது, ஆயா அவர் முகத்தை உற்றுப் பார்த்து, எந்தத் தோட்டம், யார் மகள் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் சிரித்தார். “உன்னைத் தெரியாதா? தொட்டில்ல போட்டா நிக்காம அழுவியே!” என்றார். அந்தத் தாய், நாற்பது வயதுப் பெண்மணி, தம் மகளின் முன்னால், அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் மட்டும் குனிந்து, “யாரும்மா இவங்க?” என்று கேட்டாள். “என்ன வளத்தவங்க” என்று அவர் பதில் சொன்னார். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். பரிசளிப்பு விழாவில் நான் சொல்லியிருக்க வேண்டிய குரல் அது.

அன்று மாலை ஜெபத்தில் போதகர் ஐயா ரூத்தையும் நகோமியையும் பற்றிப் பேசினார். ஒருத்தி வயிற்றில் மற்றொருத்தி பிறந்ததில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, நீட்டாமல் முடித்தார். கீழே எஞ்சின் முறுக்கும் ஓசைகூட அன்று கேட்கவில்லை. ஞாயிறு, கடை அடைப்பு.

2005இல் ஓர் உலாவும் போனோம். அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட ஊரின் வழியாக (2007 முதல் அதன் பெயர் பெஸ்தாரி ஜெயா), ஒரு வாடகைப் பேருந்தில் கம்போங் குவாந்தானுக்கு. சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக அமர்ந்து, ஒன்று சொல்லி வைத்ததுபோல் ஒரே தாளத்தில் மின்னும் இடம் அது. நிலவில்லாத இரவாகப் பார்த்து நாள் குறித்தோம். நால்வர் அமரும் சிறு மரப்படகுகள். துடுப்பு வலிக்கும் மலாய்ப் பெரியவர்கள், விளக்கடிக்க வேண்டாம், சத்தம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இருபத்து நான்கு பெண்கள் இருந்தும் அந்த ஆற்றில் அன்று துடுப்பின் ஒலி மட்டுமே கேட்டது என்றால் நம்புவீர்களா? என் படகில் ஆயாவும் அந்தப் பெண்ணும் இன்னொரு சிறுமியும். அருகில் அவ்வளவு தோட்டங்களில் வாழ்ந்தும் ஆயா இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம். மின்மினியின் புழுக்கள் இந்தக் கரைச்சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன என்று நான் மெல்லச் சொன்னேன். ஆசிரியை அல்லவா, வாய் சும்மா இருக்குமா! ஆயா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. மரத்தைப் பார்த்தபடியே, “நாங்க காலங்காத்தால நெத்தி விளக்கோட நெறையில போறப்ப, தூரத்திலேருந்து பாத்தா இப்படித்தான் இருக்கும்” என்றார். அந்தப் பெண் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். என் அம்மாவின் விளக்கும் அந்த நிரையில் ஒன்றாக இருந்திருக்கும். கரை வந்து சேரும் வரை நான் எதுவும் பேசவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டுக்கான மடலை எழுத உட்கார்ந்தபோது, ஒன்பதாம் வரியில் என்ன போடுவது என்று தடுமாறினேன். எழுதியும் அடித்தும் பார்த்துவிட்டு, ‘உங்களை வளர்த்தவருடன் வருக’ என்று எழுதி, படியெடுக்குமுன் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. மடல்களை மடிக்கும் பொறுப்பு அவளுடையது. ஒருமுறை வாசித்தாள். மீண்டும் வாசித்தாள்.

“டீச்சர், இதுல ஒரு சந்தேகம். சில பேருக்கு ரெண்டு மூணு பேர் இருப்பாங்களே. அவங்க எத்தனை சீட்டு வாங்கணும்?”